"ஆமா போட்டவ": திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பாட்டு வெளியான நாளிலிருந்து ஒரே கேள்விகளுக்கு ஆள் ஆளுக்குத் தனித்தனியாகப் பதில் அடித்து விரல் ஓய்ந்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். சில கேள்விகள் முகம் தெரியாதவர்கள் கேட்டவை. சில, சொந்தக்காரர்கள் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையிலிருந்து கேட்டவை. பந்திக் கேள்விகள்தான் கடினம்.

நீங்கள் முழுநேரப் பாடகியா?

இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்து ஊர். பகலில் நாகர்கோவிலில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. மாதம் 20-ஆம் தேதி நெருங்கினால் ஜிஎஸ்டி கணக்குதான், கிட்டாரைத் தொடமாட்டேன். மற்ற ராத்திரிகளில் பாட்டு. நானே எழுதி, மெட்டுப் போட்டு, கிட்டார் வாசித்து, பாடி, வீட்டிலேயே பதிவு செய்கிறேன். இது ஐந்தாவது பாட்டு. முதல் நான்கையும் யாரும் விசாரித்ததில்லை, நானும் அவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

"ஆமா போட்டவ" எதைப் பற்றிய பாட்டு?

வீட்டில் எல்லாரும் சொல்வதற்கு "ஆமா" சொல்லியே பழகிப்போன ஒருத்தியைப் பற்றியது. அவள் அழுவதில்லை, சண்டை போடுவதில்லை, வீட்டை விட்டு ஓடுவதும் இல்லை. ஒரு ராத்திரி முழுக்க மற்றவர்கள் சொல்லும் கதையைக் கேட்டு ஆமா போடுகிறாள், அவ்வளவுதான். பல்லவி இப்படி வரும்:

நீ சொன்ன கதைக்கெல்லாம் ஆமா போட்டேன்
நான் சொல்ல வாயெடுத்தா விடிஞ்சு போச்சு

"நீ" யார் என்று நிறையப் பேர் கேட்டார்கள். காதலனா, புருஷனா, அப்பாவா? எழுதும்போது என் மனதில் இருந்தது என் அத்தை. கல்யாண வீடோ சாவு வீடோ, அடுப்படியில் நின்றுகொண்டு வருகிறவர் போகிறவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிற அத்தை. அவரிடம் "உங்களுக்கு என்ன அத்தே வேணும்?" என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் கேட்டதில்லை. பாட்டு வெளியான பிறகு கேட்டேன். "ஒரு நல்ல மிக்சி" என்றார். வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

தலைப்பில் இருக்கும் "ஆமா போடுவது" வெறும் தலையாட்டல்தானா, வேறு அர்த்தம் உண்டா?

உண்டு, பாட்டே அதிலிருந்து வந்ததுதான். வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் கோவில்களில் கொடை, அதாவது கோவில் திருவிழா, நடக்கும்போது வில்லுப்பாட்டு இருக்கும். ஆள் உயரத்துக்கும் மேல் நீளமான வில், அதில் வரிசையாக மணிகள். நடுவில் ஒரு மண்குடத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். முன்னால் உட்கார்ந்து பாடுகிறவரை நாங்கள் புலவர் என்போம். அவர் இரண்டு வீசுகோல்களால் வில்லின் நாணை அடித்தபடி சாமியின் கதையைச் சொல்வார். பக்கத்தில் உடுக்கை, குடம், தாளம், கட்டை. கூட உட்கார்ந்திருப்பவர்கள் பின்பாட்டுக்காரர்கள். புலவர் ஒரு வரி சொன்னதும் அந்த வரியின் வாலைப் பிடித்துத் திருப்பிப் பாடுவதும், அவர் வசனம் பேசும்போது இடையிடையே "ஆமா" என்று சொல்வதும் அவர்கள் வேலை. "ஒரு ஊரிலே ஒரு ராஜா." "ஆமா." "அந்த ராஜாவுக்குப் பிள்ளை இல்லை." "ஆமாமா."

கேட்க ஒன்றுமில்லாத வேலை மாதிரித் தெரியும். ஆனால் அந்த ஆமா விழுகிற இடம் தவறினால் கதை நொண்டும். புலவர் மூச்சு வாங்குவதும் அடுத்த வரியை நினைவுக்குக் கொண்டுவருவதும் அந்த இடைவெளியில்தான். விடிய விடிய நடக்கிற கதையில் கூட்டம் தூங்காமல் இருப்பதற்குக் கூட அந்த ஆமா ஒரு காரணம். கதையில் பெயர் வாங்குவது புலவர். பொன்னாடையும் அவருக்கே. ஆமா போட்டவர் பெயர் நோட்டீசில் "குழுவினர்".

சரி, என் பாட்டில் நான் செய்தது இவ்வளவுதான்: புலவரின் பாகத்தை எடுத்துவிட்டேன். கதை சொல்கிறவர் குரல் வரவேண்டிய இடத்தில் கிட்டார் மட்டும் போகும். நீங்கள் கேட்பது முழுக்கப் பின்பாட்டு. முதல் இரண்டு சரணத்தில் ஏதோ விட்டுப்போனது மாதிரி இருக்கிறது என்று எழுதியவர்கள் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள்.

உங்கள் குடும்பத்தில் வில்லுப்பாட்டுக் கலைஞர்கள் உண்டா?

அப்பாவின் அப்பா. தாத்தாவை எங்கள் வீட்டில் பாட்டா என்று கூப்பிடுவோம் (பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் எனக்குச் சின்ன வயதில் சம்பந்தம் உண்டு என்றே எண்ணம்). அவர் புலவர் இல்லை. குடம் அடிப்பவர், ஆமா போடுபவர். ஒரு கையில் விசிறி மாதிரித் தட்டையான மட்டையால் குடத்தின் வாயில் அடிப்பார், "கும்" என்று காற்று அடைபடும் சத்தம் வரும். மறு கையில் ஒரு காசை வைத்துக் குடத்தின் பக்கவாட்டில் தட்டுவார், "கிணிங்" என்று வரும். பேஸ் டிரம்மும் ஹை-ஹாட்டும் ஒரே மண்பானையில்.

பங்குனி, சித்திரையில் கொடைக்காலம் வந்தால் பாட்டாவை வீட்டில் பார்க்க முடியாது. நாகர்கோவில் சுற்றுவட்டாரம் முழுக்கப் போவார், திருநெல்வேலிப் பக்கமும் போவார். என்னையும் சில தடவை கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். கோமரத்தாடிக்கு, அதாவது சாமியாடுகிறவருக்கு, சாமி வருகிற நேரத்தில் வேகமாக வரத்துப் பாட்டு பாடுவார்களே, அப்போது நான் பயந்து அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். அங்கிருந்து கேட்டால் புலவர் பாட்டு சரியாகக் கேட்காது. குடமும் ஆமாவும்தான் காதுக்குள் இறங்கும். நான் பாட்டைப் பின்பக்கத்திலிருந்து கேட்டு வளர்ந்தவள் என்று சொன்னால் அது வெறும் உவமை இல்லை, உண்மையிலேயே அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

வில்லுப்பாட்டு என்றதும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் பெயரைச் சொல்கிறவர்கள் உண்டு. அவர் பிறந்தது 1908-இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில். நாடகம், சினிமாவுக்கு முன்னால் அவரும் வில்லுப்பாட்டில்தான் தொடங்கினார். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அவரைச் சினிமாக்காரராகப் பேசுவதை விட "நம்ம வில்லுக்காரர்" என்று பேசுவதுதான் அதிகம்.

அம்மா வழியில் கிறிஸ்தவப் பாடல் பின்னணி என்று ஒரு பேட்டியில் சொன்னீர்களே?

அம்மா சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக் குடும்பம். அப்பா கொடை கும்பிடுகிற குடும்பம். இந்தக் கல்யாணம் எப்படி நடந்தது என்பது இன்னொரு ஐந்து பாட்டுக்கான விஷயம், இப்போது வேண்டாம்.

எங்கள் மாவட்டத்தில் சீர்திருத்தத் திருச்சபைப் பாட்டுக்கு 200 வருடத்துக்கு மேல் வயது. மிஷனரி ரிங்கல்தௌபே 1806-இல் மயிலாடிக்கு வந்தவர். அவருக்குப் பின் வந்தவர்கள் காலத்தில் லண்டன் மிஷன் நாகர்கோவிலைச் சுற்றிப் பரவியது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இரண்டு வகைப் பாட்டு இருக்கும். ஒன்று பாமாலை, மேல்நாட்டு மெட்டில் தமிழ் வார்த்தை. இன்னொன்று கீர்த்தனை, தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் மாதிரி ஆட்கள் எழுதியது. கீர்த்தனைப் புத்தகத்தைப் புரட்டினால் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகம், தாளம் போட்டிருக்கும். சின்ன வயதில் எனக்கு ஆனந்தபைரவி, செஞ்சுருட்டி என்ற பெயர்கள் அறிமுகமானது சபாவில் அல்ல, சபையில்.

அம்மா பாடகர் குழுவில் ஆல்டோ, பெண் குரல்களில் கீழ்க்குரல். நான்கு குரலில் சொப்ரானோவுக்கு மெட்டு கிடைக்கும், பேஸுக்குக் கம்பீரம் கிடைக்கும், டெனருக்கு அவ்வப்போது ஒரு அழகான வளைவு கிடைக்கும். ஆல்டோவுக்கு? பாதிப் பாட்டு ஒரே சுரத்தில் நிற்கும். அம்மா அரிசி களைந்துகொண்டே வீட்டில் தன் பாகத்தைப் பயிற்சி செய்வார். "ஸோ ஸோ ஸோ ஸோ, லா ஸோ" என்று டோனிக் சோல்ஃபாவில், அதாவது டோ ரே மீ என்று சுரம் சொல்லிப் பாடும் முறையில். அடுத்த வீட்டுக்காரர்களுக்கு அது என்ன பாட்டு என்றே தெரியாது. சபையில் எல்லாரும் சேர்ந்து பாடும்போது மட்டும் அந்த ஒரே சுரம் எங்கே போய் உட்காருகிறது என்று புரியும். ஒரு கிறிஸ்துமசுக்கு அம்மாவுக்குத் தொண்டை கட்டி ஆல்டோவில் ஆள் குறைந்தது. பாட்டு ஒல்லியாக ஆகிவிட்டது. எது குறைகிறது என்று சபையில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

பாட்டாவும் அம்மாவும் ஒருவர் பாட்டை ஒருவர் முழுதாகக் கேட்டதே கிடையாது. அவர் கோவில் திண்ணையில், இவர் சபை பெஞ்சில். இரண்டு பேரும் செய்தது ஒரே வேலை என்பது இந்தப் பாட்டை எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது.

கிட்டார் எங்கே கற்றுக்கொண்டீர்கள்?

டிசம்பரில் ராத்திரி வீடு வீடாகக் கேரல் பாடப் போகும் குழுவில் ஒரு அண்ணனிடம் பழைய கிட்டார் இருந்தது. இரண்டு கம்பி இல்லை. மிச்சம் நான்கு கம்பியில் மூன்று கார்டு சொல்லிக்கொடுத்தார். அதற்கப்புறம் யூடியூப்.

கர்நாடக சங்கீதம் படித்ததுண்டா? பாட்டு மோகன ராகமா?

வடசேரியில் ஒரு டீச்சரிடம் இரண்டு வருடம். கீதம் முடித்து வர்ணம் தொடங்கும்போது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வந்தது, நிறுத்திவிட்டார்கள். நிறையப் பேர் கதை இதுதான்.

பாட்டின் பெரும்பகுதி ச ரி க ப த என்ற ஐந்து சுரத்திலேயே போகிறது, அதனால் மோகனம் மாதிரி இருக்கும். கடைசிச் சரணத்தில் சுத்த மத்தியமம் வந்துவிடுகிறது, அதோடு மோகனம் போச்சு. நான் ராகம் பார்த்துப் போடவில்லை, வாய்க்கு வந்தது அது.

கேட்டதற்காகச் சொல்கிறேன்: என் சுருதி ஐந்து கட்டை, அதாவது கிட்டாரில் ஜி. கார்டுகள் ஜி, சி, டி, ஈ மைனர். கேபோ வேண்டாம். "ஆமா" என்ற சொல் பாட்டில் 23 இடத்தில் வருகிறது, எல்லா இடத்திலும் பஞ்சமத்தில், அதாவது "ப" சுரத்தில். ஜி-யிலும் டி-யிலும் அது சுகமாகப் பொருந்தும். சி கார்டு வரும்போது அதே சுரம் கொஞ்சம் உறுத்தும், முழுதாக ஒட்டாமல் தொங்கும். கற்றுக்கொண்டு வாசிக்கிற சிலர் அந்த இடத்தில் சுரத்தை மாற்றிப் பாடுகிறார்கள். மாற்றாதீர்கள். கார்டு எங்கே போனாலும் அவள் நின்ற இடத்திலேயே நிற்கிறாள், உறுத்தினால் உறுத்தட்டும்.

சுசீந்திரம் கோவில் இசைத்தூண்களில் என் பாட்டைத் தட்டி வாசிக்க முடியுமா என்று ஒருவர் கேட்டார். ஐயா, ஒரே கல்லில் அவ்வளவு தூண்களைக் குடைந்து சுரம் வரவைத்தவர்கள் என் நான்கு கார்டுக்காக அதைச் செய்யவில்லை. தூணைத் தட்டவும் கூடாது.

பின்னணியில் கேட்கும் "வூஷ், வூஷ்" சத்தம் என்ன? சிந்தசைசரா?

காற்றாலை.

ஆரல்வாய்மொழியில் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு கணவாய் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தச் சந்தில் நுழையும்போது இடம் குறுகுவதால் வேகம் எடுக்கிறது. அதனால்தான் முப்பந்தல் பக்கம் திரும்பின இடமெல்லாம் காற்றாலை. நாட்டிலேயே பெரிய காற்றாலைத் தொகுதிகளில் ஒன்று அது. மே மாதக் கடைசியில் தொடங்கினால் செப்டம்பர் வரைக்கும் எங்கள் ஊரில் காயப்போட்ட துணி நம்முடையதில்லை. கிளிப் போட்டாலும் அடுத்த தெருவில் போய்த்தான் எடுக்க வேண்டும்.

முதலில் அந்தச் சத்தம் எனக்கு எதிரி. குரல் பதிவு செய்ய உட்கார்ந்தால் ஜன்னல் இடுக்கில் காற்று ஊளையிடும். ராத்திரி 2 மணிக்கு எழுந்து முயன்றேன், அப்போதும் ஊளை. முட்டை அட்டை, பழைய மெத்தை, பாட்டாவின் கம்பளி என்று ஜன்னலை அடைத்துப் பார்த்தேன். பாட்டு வரவில்லை, வியர்வைதான் வந்தது. அப்புறம் ஒரு நாள் கோபத்தில் போனையும் மைக்கையும் எடுத்துக்கொண்டு வெளியே போய்ச் சாலையோரம் நின்று அந்தக் காற்றாலையையே பதிவு செய்தேன். மைக்கில் நேராகக் காற்று அடித்தால் "பட பட" என்று உறுமல்தான் விழும். மைக்குக்குப் பஞ்சு உறை மாட்டி, ஒரு மதிலுக்குப் பின்னால் உட்கார்ந்து எடுத்தது கொஞ்சம் தேறியது. மிச்ச உறுமலை 80 ஹெர்ட்சுக்குக் கீழே வெட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கேட்டால் ஒரு ஒழுங்கு தெரிந்தது. இறக்கை கம்பத்தைக் கடக்கும்போதெல்லாம் ஒரு "வூஷ்". நான் பதிவு செய்தது நிமிடத்துக்கு 18 சுற்று சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று இறக்கை, அப்படியென்றால் நிமிடத்துக்கு 54 வூஷ். தாள வேகம் காட்டும் மெட்ரோனோமை 54-இல் வைத்தேன். ஒரு சுற்றுக்கு மூன்று அடி. தாலாட்டுக்கும் மூன்று, ஊஞ்சலுக்கும் மூன்று. பாட்டின் நடை அப்படித்தான் அமைந்தது. அதற்கு முன்னால் நான்கு அடியில் வேகமாக எழுதி வைத்திருந்த மெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

பக்கத்திலேயே காட்டாடிமலையில் மணியடிச்சான் பாறை என்று ஒன்று உண்டு, கல்லால் தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும். கத்தோலிக்கப் புனிதர் தேவசகாயம் 1752-இல் சுட்டுக் கொல்லப்பட்ட இடம் அது. வேளாங்கண்ணிக்குப் போவது மாதிரி அங்கே ஜனங்கள் ஜெபிக்கப் போகிறார்கள். "அந்த மணிச் சத்தத்தையும் பாட்டில் சேர்த்திருக்கலாமே" என்றார் ஒரு நண்பர். எனக்கு மனம் ஒப்பவில்லை. காற்றாலைச் சத்தம் யாருடைய நேர்ச்சையும் இல்லை.

இது மலையாளப் பாட்டா?

இல்லை. இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது, ஒரு வேடிக்கையும் இருக்கிறது.

வேடிக்கை முதலில். பாட்டைத் தளங்களுக்கு ஏற்றிக் கொடுத்த நிறுவனம் மொழி என்ற இடத்தில் "மலையாளம்" என்று போட்டுவிட்டது. மாற்றச் சொல்லி எழுதினேன். "பாடல் வரிகளைச் சரிபார்த்தோம், மலையாளம் போலிருக்கிறது" என்று பதில். மூன்று வாரம் கழித்துத்தான் திருத்தினார்கள். அதற்குள் கேரளத்தில் சில நூறு பேர் கேட்டு, "தமிழ் கலந்த நல்ல மலையாளம்" என்று பாராட்டியும் விட்டார்கள்.

வரலாறு தெரிந்ததுதான். எங்கள் மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. எல்லைக்கோடு மாறியது, நாக்கு அப்படியே இருந்தது. மேற்கே போகப் போக இரண்டு மொழியும் ஒரே அடுப்பில் வேகும். என் பாட்டில் "வாசல்ல சவுட்டாத, கோலம் காயல" என்று ஒரு வரி. சவுட்டுவது என்றால் மிதிப்பது. "எடவப்பாதிக் காத்து" என்றும் வரும். மலையாள மாதம் இடவம் பாதி ஆகும்போது, அதாவது நம் ஜூன் தொடக்கத்தில், வரும் மழைக்காற்று அது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாயில் "தென்மேற்குப் பருவக்காற்று" வராது. அது வானிலை அறிக்கையில் வருவது.

வரிகளைப் பொதுத் தமிழில் எழுதியிருந்தால் இன்னும் நிறையப் பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்குமே?

முயன்றேன். "நீ கூறிய கதைகளுக்கெல்லாம் ஆமாம் என்றேன்" என்று எழுதிப் பாடிப் பாருங்கள். ஆபீஸ் கடிதம் மாதிரி இருக்கிறது.

இது இண்டி பாப்பா, நாட்டுப்புறப் பாட்டா, ஃபியூஷனா?

பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல் நானே செய்தது, அதனால் சுயாதீன இசை. பாட்டு நான்கு கார்டில் பல்லவி, சரணம் என்று போகிறது, அதனால் பாப். நாட்டுப்புறப் பாட்டு என்று மட்டும் சொல்ல வேண்டாம். வில்லுப்பாட்டுக்காரர் யாராவது அதைப் படித்தால் சிரிப்பார். ஒரு குடமும் ஒரு ஆமாவும் இருந்தால் அது வில்லுப்பாட்டு ஆகிவிடாது. கதை எங்கே, வில் எங்கே, சாமி எங்கே? "ஃபியூஷன்" என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு தனித்தனிப் பொருளை எடுத்து ஒட்டுவதற்கு அந்தப் பெயர். கொடையும் சபையும் எங்கள் வீட்டில் ஒரே வாசலில் வந்து போனவை.

சிறு வயதில் என்ன கேட்டீர்கள்?

ரேடியோ. நாகர்கோவில் வானொலி 1984-இல் தொடங்கியது, நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் என்ற பெயர் அதற்கு உண்டு. அம்மாவின் சின்ன வயதில் கடல் தாண்டி இலங்கை வானொலி. என் காலத்துக்கு வந்தபோது பஸ்சில் போடுகிற பாட்டு. வடசேரியிலிருந்து கிளம்பும் மினி பஸ்களின் டிரைவர் அண்ணன்மாருக்கு இருந்த ரசனை எந்தச் செயலிக்கும் இன்னும் வரவில்லை. இப்போது கோவில் திருவிழாக்களில் கேரளத்துச் சிங்காரி மேளம் வந்துவிட்டது. நையாண்டி மேளத்துக்கு ஆள் குறைகிறார்கள் என்று பாட்டா வருத்தப்படுவார். எனக்கு இரண்டும் பிடிக்கும், அவரிடம் சொன்னதில்லை.

சென்னைக்குப் போகலாமே? சினிமாவில் பாடும் எண்ணம் இல்லையா?

கூப்பிட்டால் போய்ப் பாடிவிட்டு அனந்தபுரி எக்ஸ்பிரஸில் திரும்பி வருவேன். இதுவரை யாரும் கூப்பிடவில்லை. இது பந்திக் கேள்வி நம்பர் ஒன்று.

பாட்டில் பணம் வருகிறதா?

பந்திக் கேள்வி நம்பர் இரண்டு. கணக்கு எழுதுகிறவள் என்பதால் நேராகவே சொல்கிறேன்.

ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்பட்டால்தான் அதன் ஒலிப்பதிவுக்கான உரிமைத் தொகை கணக்கில் ஏறும். 2024-இலிருந்து அப்படி விதி. அதைத் தாண்டினாலும் ஒரு தடவை கேட்பதற்குக் கிடைப்பது பைசாக்களில்தான். பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர் என்ற உரிமைக்கு வரும் தொகை வேறு. அதை வசூலிக்க ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராக வேண்டும். 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியதற்குப் பிறகு பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் அந்தப் பங்கை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட முடியாது. பாட்டு எழுதும் தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால், எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

இந்தப் பாட்டுக்கு என் செலவு: ஆடியோ இன்டர்ஃபேஸ் ஏற்கெனவே இருந்தது, மைக் கடன் வாங்கியது, மிக்சிங் செய்த நண்பருக்கு ஒரு தார் மட்டிப் பழம். வரவு, இதை எழுதும் இன்று வரை, மட்டிப் பழத்துக்குக் காணாது.

எங்கள் ஊர்க் கொடையில், அல்லது கல்யாணத்தில், இந்தப் பாட்டைப் பாடலாமா? அனுமதி வாங்க வேண்டுமா?

தாராளமாகப் பாடுங்கள். நான் சொல்வது இருக்கட்டும், சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. உண்மையான சமயச் சடங்கின் பகுதியாகப் பாடுவதையும், கல்யாண ஊர்வலத்திலும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டத்திலும் பாடுவதையும் உரிமை மீறலாக எடுத்துக்கொள்வதில்லை. பதிவு செய்து உங்கள் சேனலில் ஏற்றுவது வேறு விஷயம். அதற்கு மட்டும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் பொண்ணு மாப்பிள்ளை மாலை மாற்றும் நேரத்தில் இந்தப் பாட்டைப் போட்ட கல்யாண வீட்டார் வரிகளை ஒரு தடவை கவனித்துக் கேட்டிருக்கலாம்.

தளங்களில் பாட்டு இரண்டு தடவை இருக்கிறதே, எது சரியானது?

முதல் பதிவில் குடம் நான் வாசித்தது. சந்தையில் வாங்கிய குடம், அட்டையை வெட்டி மட்டை மாதிரிச் செய்து அடித்தேன். மிக்சிங்கில் கொஞ்சம் பேஸ் கூட்டினோம், நன்றாக இருப்பதாகவே நினைத்தேன். பாட்டு வெளியான அன்று சாயங்காலம் பாட்டாவுக்கு ஹெட்போன் மாட்டிவிட்டேன். அவருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், சத்தத்தைக் கூட்டி வைத்தேன். கண்ணை மூடி முழுதும் கேட்டார். கழற்றிக் கொடுத்துவிட்டு, "குடம் யாரு அடிச்சது?" என்றார்.

"நாந்தான் பாட்டா."

"மக்ளே, இது தண்ணிக் குடம்லா."

பாட்டைப் பற்றி வேறு ஒரு வார்த்தை இல்லை. எனக்கு முகம் விழுந்துவிட்டது. அத்தையைப் பற்றி எழுதியிருக்கிறேன், அம்மாவின் ஆல்டோவை வைத்திருக்கிறேன், உங்கள் ஆமாவை 23 இடத்தில் வைத்திருக்கிறேன், நீங்கள் குடத்தைப் பற்றிப் பேசுகிறீர்களே என்று மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் பரணில் கிடந்த அவருடைய குடம் முற்றத்தில் வெயிலில் இருக்கிறது. வில்லுக்குடம் கனமாக, சுவர் தடிமனாக, நன்றாக வெந்து இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து மட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். காசு கேட்டார். ஐந்து ரூபாய் நாணயம் கொடுத்தேன். தட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தன் இடுப்பிலிருந்து ஏதோ பழைய காசை எடுத்தார்.

மூன்று தடவை எடுத்தோம். மெட்ரோனோம் அவருக்கு ஒத்துவரவில்லை. காற்றாலைச் சத்தத்தை மட்டும் ஹெட்போனில் போட்டேன், அதோடு சேர்ந்து அடித்துவிட்டார். மூன்றாவது தடவையில், புலவர் பாட வேண்டிய, நான் வேண்டுமென்றே காலியாக விட்ட இடம் வந்தபோது, கேட்காமலேயே "ஆமா" என்றார். 2 நிமிடம் 41-ஆவது வினாடி. அது பஞ்சமத்தில் இல்லை, எந்தச் சுரத்திலும் இல்லை. மிக்சிங் நண்பர் வெட்டிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அதனால் கேட்க வேண்டியது இரண்டாவது பதிவு. "பாட்டா குடம்" என்று தலைப்பில் போட்டிருக்கும். முதலாவதையும் எடுக்கவில்லை. அது 940 தடவை கேட்கப்பட்டிருக்கிறது, ஆயிரத்துக்கு இன்னும் 60 தான் பாக்கி.